கரண்ட் போன திங்கள்

கொல்லத்திலிருந்து மெயில் வந்தது:
எதிர்ப்பு இருக்கும். கையாளவும்.
பின்னாலேயே பார்சலில், தெர்மோகோல் சுற்றி,
உள்ளங்கை அகலத்தில் அந்தக் கறுப்பு மிஷின்.

கருங்கல் தாண்டி, மிடாலம் போகிற ரோட்டில்
எங்கள் அண்டி ஆபீஸ்.
ஏழரைக்குப் பெல். இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள்.
அதுவரை ஒரு நீள நோட்டு, ஒரு பேனா,
எட்வின்சிங்கின் கோழிக் கிறுக்கல்.
இனி விரல்.
பச்சை விழாத நாளெல்லாம் அரை நாள் கணக்கு.

நாகர்கோவில் ஓட்டல் ஒன்றில், ஏசி ஹாலில்
இரண்டு நாள் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்:
மாற்றத்தை மறுப்பவர்களில் இன்னின்ன வகை,
முதலில் கேள், பிறகு விளக்கு,
பிறகும் முரண்டினால் பெயரைக் குறித்துக்கொள்.
மத்தியானம் பொரித்த மீன் நன்றாக இருந்தது.

முதல் நாள்
தோல் உரிக்கிறவர்கள், தரம் பிரிக்கிறவர்கள்,
பச்சை, தேங்க்யூ, பச்சை, தேங்க்யூ.
அஜிலா பதிலுக்கு "வெல்கம்" என்றாள். சிரிப்பு.
பிறகு உடைப்புச் செக்‌ஷன்.
சிவப்பு.
ட்ரை அகைன்.
சிவப்பு.
"எனக்க வெரல அதுக்குப் பிடிக்கேல்ல சாரே"
என்றாள் செல்லபாய்.
"எங்களுக்கு வெரலே இல்ல" என்றாள்
பின்னாலிருந்து ரோஸ்லெட்.
கிண்டல் என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் கேட்டேன், கேட்டதாக நினைத்தேன்.
பிறகு விளக்கினேன், பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் ஏறி நின்று.
மூன்றாம் நாள் பெயர் குறித்தேன்.
நாற்பத்தொன்று.
அச்சடித்து வந்தபோது பார்க்க அழகாக இருந்தது,
கோணலே இல்லாத கட்டங்கள்.
தலைப்பு: முரண்டுபவர்கள்.
சனிக்கிழமை நாற்பத்தொரு கவர் மெலிந்தது.

கவர் வாங்க வந்த செல்லபாய் எண்ணிப் பார்க்கவில்லை.
மேசையில் கிடந்த ஸ்டாம்ப் பேடில் பெருவிரலை அமுக்கி
பட்டியலில் தன் பெயருக்கு மேலேயே
ஒற்றி எடுத்தாள்.
"பாருங்க."

நீலமாய் ஒரு பொட்டு.
சுழி இல்லை, வரி இல்லை.
அண்டி எண்ணெய் தின்றது, பத்தொன்பது வருஷமாய்.
சாம்பல் பூசுவார்கள்; சாம்பலையும் சேர்த்துத் தின்னும்.
"ரேஷன் கடையில எனக்க மக வெரலாக்கும்.
அவளக் கெட்டிச்சுக் குடுத்தா
அரிசிக்கு நான் எங்க போவேன்?"

பின்னால் நின்ற நாற்பது பேரும் பேசவில்லை.
பேடில் மை தீரும்வரை
ஒவ்வொருத்தியாய் வந்து ஒற்றினார்கள்.
கடைசியில் பட்டியலில் ஒரு பெயரும் படிக்கக் கிடைக்கவில்லை.

அதை ஸ்கேன் செய்து கொல்லத்துக்கு அனுப்பினேன்.
பதில் ராத்திரியே வந்தது:
சாக்குச் சொல்வதும் எதிர்ப்பில் ஒரு வகை.
ட்ரெயினிங்கில் சொன்னார்களே, மறந்துவிட்டதா?

திங்கள், ஏழு இருபது.
உடைப்புக்காரிகள் எப்போதும்போல் முதலில் வந்து
சாம்பல் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.
ரேகை உள்ளவர்கள், நூற்றெழுபத்தொரு பேர்,
கேட்டுக்கு வெளியே, அயனிப் பலா அடியில், தூறலில்.
"வெல்கம்" சொன்னவள்தான் முன்னால்.
கோஷம் கிடையாது.
கை கட்டி நிற்கிறார்கள்,
விரல்களை அக்குளுக்குள் ஒளித்துக்கொண்டு.
எதிர்ப்பை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.
ஒரு வாரமாய் வேறெதற்கோ
அந்தப் பெயரை வைத்திருந்தேன்.

கையாளவும்.

என் விரலை வைத்துப் பார்த்தேன்.
ஒரே தொடல், தேங்க்யூ.
வறுத்த முந்திரியை மட்டுமே தொட்ட விரல்.

பிளக்கைப் பிடுங்கினேன்.
எட்வின்சிங் எட்டிப் பார்த்தான்.
"என்ன சாரே, கரண்டு போச்சா?"
"போச்சு."
தலைக்கு மேல் ஃபேன் கடகடவென்று சுற்றுகிறது.
அதை நிமிர்ந்து பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"இந்த லைன்ல எப்பவும் இப்பிடித்தான்" என்றபடி
பீரோ மேலிருந்து நீள நோட்டை இறக்கி
முழங்காலில் தட்டித் தூசி போக்கினான்.

பெல்லுக்கு இன்னும் நாலு நிமிஷம்.
பேனாவைத்தான் காணவில்லை.